கடைசி வரிசை, வாசல் பக்கம்

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் அவர் வீட்டு வாசற்படியில் யாராவது நின்று பேசினால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு" என்று கை தானாக எழும்பும். நிற்பவர் மருமகனாக இருந்தாலும் சரி, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவராக இருந்தாலும் சரி. "முப்பத்திநாலு வருஷம் ஊரையே உள்ள தள்ளினது பத்தாதா, வீட்டுக்குள்ளயும் தள்ளணுமா?" என்று மனைவி கேட்பார். கண்டக்டர் சட்டைப் பையைத் தடவிக்கொள்வார். அதில் ஒரு விசில் உண்டு. கடைசி நாளில் பை, பஞ்சிங் மெஷின் எல்லாவற்றையும் ஒப்படைத்தவர் இதை மட்டும் மறந்துவிட்டாராம். நமக்கு நம்பிக்கை இல்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

இப்படிப்பட்ட மனிதரைச் சும்மா உட்கார வைத்தால் வீடு தாங்குமா? ஓய்வு பெற்ற அடுத்த மாதமே மனைவி போதகரிடம் போய், "ஐயா, இவருக்கு ஏதாவது வேலை குடுங்க. இல்லன்னா எனக்கு இங்க ஒரு ரூம் குடுங்க, நான் வந்து இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். போதகர் சிரித்துக்கொண்டே சபை வாசலைக் கண்டக்டர் கையில் கொடுத்தார். ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களை வரவேற்க வேண்டும், பாட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும், இடம் காட்டி உட்கார வைக்க வேண்டும். சம்பளம் கிடையாது. கண்டக்டருக்கோ ராஜாங்கமே கையில் வந்த மாதிரி. சனிக்கிழமை மத்தியானமே சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டிவிடுவார்.

சபை கூடும் இடம் ஒரு காலத்தில் காகிதக் கிடங்காக இருந்த நீளமான அறை. ஒரு கோடியில் பிரசங்க மேடையும் ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டியும். மறு கோடியில் வாசல். வாசலைத் தாண்டினால் ரோடு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். விரிசல் விட்ட சிலவற்றைக் கண்டக்டரே கம்பி போட்டுத் தைத்திருந்தார். மின்விசிறிகள் நான்கு. அதில் வாசல் பக்கத்து விசிறி காற்றைவிடச் சத்தத்தைத்தான் தாராளமாகக் கொடுக்கும்.

இந்த அறையைக் கண்டக்டர் பஸ்ஸாகத்தான் நடத்தினார். வந்த வரிசையே உட்காரும் வரிசை. முன்னால் காலியாக வைத்துவிட்டுப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றால் அவருக்குப் பொறுக்காது. "முன்னாடி போங்க, முன்னாடி உட்கார்ந்தா யாரும் பிடிச்சுத் தின்ன மாட்டாங்க" என்று கிளப்பிவிடுவார். கைக்குழந்தைக்காரர்கள் ஓரத்து நாற்காலி. கர்ப்பிணிகள் நல்ல விசிறிக்கு அடியில். கூடை, மூட்டை, வாளி கொண்டு வருகிறவர்கள் கடைசி வரிசை, வாசல் பக்கம். அங்கேதான் வந்து போக வசதி, யார் முழங்காலிலும் இடிக்காது. அத்தனையும் பஸ்ஸில் படித்த பாடம்.

ஆள் பார்த்து இடம் கொடுக்கும் வழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. ஒருமுறை பெரிய டாக்டர் ஒருவர் தாமதமாக வந்து முன்வரிசையை எட்டி எட்டிப் பார்த்தார். "டாக்டர், எங்கிட்ட எல்லாருக்கும் ஒரே டிக்கெட்டுதான்" என்று சொல்லி அவரை ஒரு பெயிண்டருக்கும் பெயிண்டரின் நான்கு பிள்ளைகளுக்கும் நடுவில் செருகிவிட்டார். ஆராதனை முடிவதற்குள் கடைக்குட்டி டாக்டரின் மடியில் தூங்கியிருந்தது. இந்தக் கதையைக் கண்டக்டர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. சொல்லி முடித்துவிட்டு, "நான் வாசல்ல நிக்கிற வரைக்கும் எங்க சபைல பணக்காரன் ஏழைங்கற பேச்சே கெடயாது" என்பார். கொஞ்சம் தற்பெருமைதான். ஆனால் இது உழைத்துச் சம்பாதித்த தற்பெருமை என்பதால் யாரும் குறைசொல்லவில்லை.

பிரச்சினை ஆறு நாற்காலிகளின் உருவத்தில் வந்தது.

மெயின் ரோட்டில் பெரிய மெத்தைக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் இரண்டு வருடமாகச் சபைக்கு வந்துகொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவர் ஒரு சனிக்கிழமை வேனில் ஆறு நாற்காலிகளை அனுப்பிவைத்தார். கருஞ்சிவப்பு மெத்தை, கை வைக்கக் கட்டை, முதுகுக்குத் திண்டு. சபைச் செயலாளர் அவற்றை முன்வரிசையில் போடச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். செயலாளர் ஓர் அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர்தான். ஆனால் யாரைக் கண்டாலும் இவரை எத்தனையாவது படியில் வைக்கலாம் என்று மனதுக்குள் நினைக்கும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"கண்டக்டர், இந்த ஆறும் முதலாளி குடும்பத்துக்கும் முக்கியமானவங்களுக்கும். வேற யாரையும் உட்கார வெச்சிடாதீங்க."

"முக்கியமானவங்கன்னா யாரு சார்?"

"பாத்தா தெரியாதா?"

"தெரியலயே சார். முப்பத்திநாலு வருஷம் பாத்துட்டேன். சீட்டு கிடைச்சப்புறம் எல்லாரும் ஒரே மாதிரிதான் வாயத் தொறந்துகிட்டுத் தூங்குறாங்க."

செயலாளர் சிரிக்கவில்லை. "ஏன், பஸ்ல ரிசர்வ் சீட்டே கெடயாதா?"

"உண்டு சார். நிக்க முடியாதவங்களுக்கு. உங்க முதலாளிக்கு என்ன, கால் இல்லையா?"

"இந்த வாய் உங்கள எங்க கொண்டுபோய் விடப்போகுதோ" என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போய்விட்டார். வாய் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது மறுநாளே தெரிந்தது.

ஞாயிறு காலை முதலில் வந்தது ரொட்டிக்கடையில் அடுப்பு பார்க்கிறவரின் குடும்பம். அடுப்புக்காரர், மனைவி, மாமியார், மூன்று பிள்ளைகள், கரெக்டாக ஆறு. "முன்னாடி போங்க" என்று கண்டக்டர் கையை நீட்டினார். அடுப்புக்காரர் தயங்கினார், பிள்ளைகள் தயங்கவில்லை. மெத்தை எவ்வளவு குதிக்கும் என்று அவர்கள் சோதித்து முடித்த நேரத்தில் முதலாளியும் அவர் மனைவியும் வந்தார்கள். கண்டக்டர் அவர்களுக்கு மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினார். முதலாளி ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மெல்ல, மிக மெல்ல உட்கார்ந்தார். "பவுசைப் பாரு, பிளாஸ்டிக்ல உட்கார உடம்பு வளையலயாக்கும்" என்று கண்டக்டர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஆராதனை முடிவில் செயலாளர் மைக்கைப் பிடித்தார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம். வாசலை இனி நான்கு பேர் கொண்ட வரவேற்புக் குழுவிடம் கொடுப்பதாக யோசனை. குழுவினர் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். நம் கண்டக்டர் ஐயா இத்தனை காலம் நின்றது போதும், இனி ஓய்வெடுக்கட்டும்.

ஓய்வு! அந்த வார்த்தையைக் கண்டக்டர் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டவர். அந்தத் தடவை மாலை போட்டு, டீ கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலை நான்கு மணிக்கே எழுந்து, போக இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தது அவருக்கு மறக்கவில்லை. வாசல் போய்விட்டால் அவருக்கு ஞாயிறே கிடையாது, வாரத்தில் ஏழு நாளும் வெறும் திங்கட்கிழமைதான்.

வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். கை நகரவில்லை.

"நீங்க ஏதாவது தப்புப் பண்ணீங்களா?" என்று மனைவி கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப சாப்பிடுங்க. தப்புப் பண்ணவங்களே மூணு வேளை சாப்பிடுறாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டத்தில் தனக்காகத் தானே பேசினால் எடுபடாது. சபையில் உள்ள ஏழை எளியவர்கள் எழுந்து, "இவர் எங்கள ஒரு நாளும் வித்தியாசமா நடத்தினதில்ல" என்று நான்கு வார்த்தை சொன்னால் செயலாளர் வாயடைத்துப் போவார். அடுப்புக்காரர் கேட்டவுடனே சரி என்றார். பெயிண்டர், "ஒரு மணி நேரம் வேணும்னாலும் பேசுறேன்" என்று பயமுறுத்தினார். ஆனால் கண்டக்டரின் மனதில் முதல் சாட்சியாக நின்றவர் பம்பு அக்கா.

பம்பு அக்கா பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர். டிப்போவின் தண்ணீர்ப் பம்பு இருபது வருடத்துக்கு மேலாக அவர் கையில் இருப்பதால் அந்தப் பெயர். பதினோரு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஷிப்டு முடிந்து நேரே வருவார், துணியோரம் ஈரம் சொட்டும், டீசல் வாசனையும் சோப்பு ஆயில் வாசனையும் கூடவே வரும். ஆசீர்வாதம் முடிந்த நிமிடம் அடுத்த ஷிப்டுக்கு ஓடிவிடுவார். அதனால் அவரிடம் பேச வேண்டும் என்றால் டிப்போவுக்குத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை கண்டக்டர் போனார்.

வண்டி கழுவும் இடம் டிப்போவின் பின்பக்கம் ஒரு சிமெண்டுச் சரிவு. முப்பத்திநாலு வருடம் வேலை பார்த்த டிப்போதான், ஆனால் கண்டக்டர் இந்தச் சரிவுக்கு வந்ததே இல்லை. கணக்கை ஒப்படைத்துவிட்டு முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு வண்டிக்கு என்ன ஆகிறது என்று அவருக்கு என்ன கவலை? மூன்று பஸ்கள் வரிசையாக நின்றன. பம்பு காது கிழிய இரைந்தது. பம்பு அக்கா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, நீளக் கம்புப் பிரஷ்ஷால் சக்கரத்துச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்டக்டர் பின்னால் நின்று இரண்டு தடவை கூப்பிட்டார். பலன் இல்லை. முன்னால் போய் நின்றதும் பம்பு அக்காவின் முகம் மலர்ந்தது. பம்பை நிறுத்தினார்.

"அண்ணே! இந்தப் பக்கம் வந்து பேசுங்க. அந்தக் காதைப் பம்புக்குக் குடுத்தாச்சு."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே இடது பக்கம் வந்தார். "ஒண்ணுமில்லம்மா. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்க எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்."

"என்ன கூட்டம்?"

"போன வாரம் செயலாளர் மைக்குல அவ்வளவு நேரம் சொன்னாரே?"

"எனக்கு எங்க அண்ணே கேக்குது" என்றார் பம்பு அக்கா, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல. "பாட்டு கேக்கும், எல்லாரும் சேர்ந்து பாடுறதால. மைக்குல பேசுறது கேக்காது. மேல ஃபேன், பின்னால ரோடு. ஐயா கைய அசைக்கிறத வெச்சு, இன்னைக்குக் கோவமா பேசுறாரு, இன்னைக்குச் சந்தோஷமா பேசுறாருன்னு தெரிஞ்சிக்குவேன். முன்னாடி இருக்கிறவங்க எழுந்தா எழுந்துக்குவேன், உட்கார்ந்தா உட்கார்ந்துக்குவேன்."

"எத்தன நாளா இப்படி?"

"வந்த நாள்ல இருந்துதான்."

"அப்ப ஏம்மா முன்னாடி வந்து உட்காரல?"

பம்பு அக்கா அவரை வினோதமாகப் பார்த்தார். "நீங்கதானே அண்ணே அந்த இடத்தைக் காட்டினீங்க."

கண்டக்டருக்கு அந்த நாள் நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்தபோது முழுசாக வந்தது. சபைக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் வாளி, மறு கையில் ஈரத்துணி மூட்டை. "உள்ள வாங்க, உள்ள வாங்க, இடம் இருக்கு" என்று இவர்தான் கூப்பிட்டார். வாளியைப் பார்த்தார். கை தானாக நீண்டது. கடைசி வரிசை, வாசல் பக்கம். அடுத்த வாரம் அந்தப் பெண் வாளி இல்லாமல் வந்தார், நேராக அதே இடத்துக்குப் போனார். அதற்கடுத்த வாரமும். பிறகு அது அவருடைய இடம் என்றே ஆகிவிட்டது. கண்டக்டர் நிற்கும் இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம்.

"என் இடம் அதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஈரமும் டீசலுமா வர்றேன்ல? அண்ணன் யோசிச்சுத்தான் வெச்சிருக்காருன்னு இருந்துட்டேன்."

"நான் யோசிக்கவே இல்லம்மா" என்றார் கண்டக்டர். பிரஷ்ஷின் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அட, இதுக்குப் போயா!" பம்பு அக்கா பதறினார். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "உங்க வண்டிய எத்தன வருஷம் கழுவியிருக்கேன் தெரியுமா? மத்த வண்டிலல்லாம் குப்பை பரவலா கிடக்கும். உங்க வண்டில மட்டும் கடைசி சீட்டுக்கு அடியிலதான் மொத்தமும். கீரைத்தண்டு, வெங்காயச் சருகு, சாக்குப் பிசிறு. கூடைக்காரங்களை எல்லாம் அங்கயே தள்ளுவீங்கன்னு அப்பவே தெரியும்."

கண்டக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வண்டியைக் கழுவியது யார் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கழுவியவருக்கோ அவர் வண்டி நடத்திய விதம் முழுவதும் சீட்டுக்கு அடியில் தெரிந்திருக்கிறது.

"கூட்டத்துல நான் என்ன சொல்லணும் அண்ணே?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. வந்தா போதும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "ஊருக்கு உபதேசம் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். விளக்குக்கு அடியிலதான் இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க."

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும்தான் பாத்தேன். அவங்களுக்குப் பிடிச்ச இடம் போலன்னு நெனச்சேன்." பிறகு, கணவரின் மனதை ஆழம் பார்க்கிற குரலில், "இது வேற யாருக்கும் தெரியாதே. அவங்களும் வெளிய சொல்ற ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை கூட்டம் முடியட்டும், அப்புறம் மெதுவா இடத்த மாத்திக்கலாம்" என்றார்.

"எனக்குத் தெரியுமே" என்றார் கண்டக்டர்.

மனைவி தலையாட்டினார். அந்தப் பதிலுக்காகத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

ஞாயிறு காலை பம்பு அக்கா வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கடைசி வரிசைக்குத் திரும்பினார். கண்டக்டர் குறுக்கே நின்றார்.

"அங்க இல்லம்மா. முன்னாடி."

"முன்னாடியா? எல்லாரும் பாப்பாங்க அண்ணே."

"பாக்கட்டும். நானும் கூட வர்றேன்."

நடுவழியாக இருவரும் நடந்தார்கள். முன்வரிசையின் வலது ஓரத்து மெத்தை நாற்காலியைக் கண்டக்டர் காட்டினார். அங்கே உட்கார்ந்தால் நல்ல காது போதகர் பக்கம் இருக்கும். இரண்டு நாளாக வீட்டில் ஸ்டூல்களைப் போட்டுப் பார்த்து முடிவுசெய்த இடம் அது. பம்பு அக்கா பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மெத்தைமேல் விரித்து, அதன் நுனியில் உட்கார்ந்தார். செயலாளர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

கூட்டம் என்று சொன்னதால் அன்று சபை நிரம்பி வழிந்தது. மெத்தைக்கடை முதலாளி தனியாக, தாமதமாக வந்தபோது ஒரே ஓர் இடம்தான் மிச்சம். "வாங்க முதலாளி, இங்கதான் இருக்கு" என்றார் கண்டக்டர். குத்தல் எதுவும் இல்லை. உண்மையிலேயே அங்கேதான் இருந்தது. முதலாளி கடைசி வரிசையில், வாசல் பக்கம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். பம்பு அக்கா எழவில்லை. எப்படி எழுவார்? இத்தனை வருடம் முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழுந்தவருக்கு இப்போது முன்னால் யாருமே இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. பம்பு அக்காவின் தலை குனிந்துகொண்டே போவதைக் கண்டக்டர் வாசலிலிருந்து பார்த்தார்.

வண்டி ஓடும்போது கண்டக்டர் உட்காரக் கூடாது என்பது அவரது சட்டம். பன்னிரண்டு வருடத்தில் ஓர் ஆராதனையில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. அன்று வாசலை அப்படியே விட்டுவிட்டு நடந்து வந்தார். பம்பு அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த அடுப்புக்காரரின் சின்ன மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் எழுந்தா எழுந்துக்குங்க" என்று இடது காதுப் பக்கம் குனிந்து சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் ஒன்றாகவே எழுந்தார்கள், ஒன்றாகவே உட்கார்ந்தார்கள்.

பிரசங்கம் தொடங்கியது. போதகருக்கு வேடிக்கையாக ஏதாவது சொல்லும் பழக்கம் உண்டு. அதே வேடிக்கைகளைப் பல வருடமாகச் சொல்வதால் சபையில் யாரும் இப்போது சிரிப்பதில்லை. பம்பு அக்காவுக்கு எல்லாமே புதிது. முதல் வேடிக்கைக்கே வாய்விட்டுச் சிரித்தார். போதகர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் உற்சாகம் தாங்கவில்லை. கைவசம் இருந்த அத்தனை சரக்கையும் இறக்கிவிட்டார். அன்றைய பிரசங்கம் இருபது நிமிடம் கூடுதலாகப் போனது. வாசலில் நின்று தலைகளை எண்ணியே காலம் கழித்த கண்டக்டரும் அன்றுதான் ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டார்.

ஆசீர்வாதம் முடிந்து செயலாளர் காகிதத்தோடு எழுந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெத்தைக்கடை முதலாளி.

"கூட்டத்துக்கு முன்னாடி ஒரு விஷயம். கடைசி வரிசைல ஒரு வார்த்தை கேக்கல. ஃபேன் சத்தமும் லாரிச் சத்தமும்தான் கேட்டுச்சு. இங்க உட்கார்றவங்க யாரும் இதுவரைக்கும் சொல்லலயா?"

கண்டக்டர் எழுந்தார்.

"சொல்லல முதலாளி. நீங்க ஒரு நாள் உட்கார்ந்தீங்க, சொல்லிட்டீங்க. பதினோரு வருஷம் அங்க உட்கார்ந்தவங்க சொல்லல. சொல்லலாம்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. உட்கார வெச்சது நான்தான்." அவர் செயலாளர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க ஆறு நாற்காலிய ஒதுக்கி வைக்கச் சொன்னீங்க, நான் உங்கள கேலி பண்ணேன். நான் ஒரு நாற்காலிய ஒதுக்கி வெச்சிருந்தேன், அது எனக்கே தெரியல. கையில வாளி இருந்தது, அதப் பாத்தேன். ஆளைப் பாக்கல. வாசலை யாருக்கு வேணும்னாலும் குடுங்க." சட்டைப் பையில் இருந்த விசிலை எடுத்து மேடை ஓரத்தில் வைத்தார். ஏன் அதை வைத்தார் என்று அவருக்கே தெரியாது. ஒப்படைக்க அவரிடம் வேறு எதுவும் இல்லை.

பம்பு அக்காவுக்கு அத்தனையும் கேட்டது. முன்வரிசை அல்லவா? துண்டை மடித்துக்கொண்டே எழுந்தார். பம்புக்குப் பக்கத்தில் பேசிப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இவரு என்னப் பின்னாடி உட்கார வெச்சாரு, சரி. அதுக்கு முன்னாடி நான் மூணு ஞாயிறு வெளிய ரோட்டோரத்துல நின்னேன். நீங்க எல்லாரும் என்னைத் தாண்டித்தான் உள்ள போனீங்க. உள்ள வாங்கன்னு ஒரு ஆள்தான் கூப்பிட்டாரு."

குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அறையில் தலை நிமிர்ந்து இருந்தவர் ஒருவருமில்லை, போதகர் உட்பட. பம்பு அக்கா மேடை ஓரத்திலிருந்து விசிலை எடுத்துக் கண்டக்டரின் சட்டைப் பையில் போட்டார். "பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு அண்ணே. கொஞ்சம் நீளம்" என்று, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, அறை முழுவதும் கேட்கும்படி சொல்லிவிட்டு வெளியே ஓடினார்.

செயலாளர் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். கூட்டம் நடக்கவில்லை. அதன்பின் ஒரு நாளும் நடக்கவில்லை. அடுத்த வாரத்துக்குள் ஸ்பீக்கர் பெட்டி நடுச்சுவருக்கு நகர்ந்தது, வாசல் விசிறிக்கு எண்ணெய் விட்டாயிற்று.

கண்டக்டர் இன்னமும் வாசலில்தான் நிற்கிறார். ஆனால் கை தானாக நீளுவதில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், "எங்க உட்கார்ந்தா உங்களுக்கு வசதி?" என்று கேட்கிறார். இதனால் வாசலில் கூட்டம் தேங்குகிறது. "பஸ்ஸ இப்படி நடத்தியிருந்தா முதல் ஸ்டாப்பே தாண்டியிருக்காது" என்று அவர் மனைவி சொல்கிறார்.

மெத்தைக்கடை முதலாளியிடமும் கேட்டார். முதலாளி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். "முதுகெலும்புல கோளாறு கண்டக்டர். பிளாஸ்டிக் நாற்காலில பத்து நிமிஷம் தாங்காது. அதுக்குத்தான் அந்த நாற்காலி. எனக்கு மட்டும் ஒண்ணு வாங்கிப் போடக் கூச்சமா இருந்துச்சு, ஆறா வாங்கிட்டேன்." கால் இல்லையா என்று தான் கேட்டது நினைவுக்கு வந்து கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரை முன்வரிசை வலது ஓரத்து மெத்தை நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

பம்பு அக்காவிடமும் கேட்டார்.

"முன்வரிசை வேண்டாம் அண்ணே. ரெண்டாவது வரிசை, வலது ஓரம். காதும் கேக்கும். எழுந்திருக்கப் பாத்துக்க எனக்கு முன்னால ஒரு முதுகும் வேணும்."

அப்படியே கொடுத்தார். அவருக்கு முன்னால் இருப்பது முதலாளியின் முதுகு. அந்த முதுகு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். அதனால் இப்போதெல்லாம் ஜெபத்துக்குச் சபை முழுவதும் எழுந்து நின்ற பிறகுதான் அந்த இரண்டு பேரும் எழுந்திருக்கிறார்கள், இருவரும் ஒரே நேரத்தில். போதகர் அதுவரை காத்திருந்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்.